பாதணி கூறும் சரித்திரம்



வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் எழுவன மணிமுடிகளும் வாள்களும் கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே. அரசன் வீற்றிருந்த ஆசனத்தை அரும்பொருட்சாலையில் வைத்துப் போற்றுகிறோம். அவன் அரண்மனை முற்றத்தை நாள்தோறும் கூட்டிய பெண் எதனை அணிந்து நடந்தாள் என்று கேட்பார் அரியர். அவ்வாறு கேட்பாரற்றுக் கிடந்த பொருள்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேனாட்டுப் பெண்கள் அணிந்த, கணுக்காலை மூடி நிற்கும் பூட்ஸ் சப்பாத்துகளே அப்பொருள். அவற்றைத் தேடிச் சேர்ப்போர் பலர் இன்று இருக்கின்றனர். அவற்றின் வயதை அவர்கள் எவ்வாறு கணிக்கின்றனர் என்பதே இவ்வுரையின் மையம்.

பாடசாலை அதிபர் ஒருவருக்கு மேனாட்டு மாதரின் சப்பாத்தோடு என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். உறவை உண்டாக்கியது ஒரு கடிதம். என்னிடம் முன்னர் சரித்திரம் பயின்ற மாணவி ஒருத்தி இப்போது கனடாவில், ரொறொன்ரோ நகரில், குடும்பத்துடன் வாழ்ந்து வருகின்றாள். அவளுடைய அயல்வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர், தமக்குச் செய்த சிறு உதவிகளுக்கு நன்றியாக, ஒரு சோடி பழைய பூட்ஸை அவளுக்குப் பரிசாக அளித்தார். "என் பூட்டி 1847ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தபோது காலில் அணிந்திருந்தவை இவை" என்று சொல்லியே அளித்தார். மாணவி அவற்றைப் பல கோணங்களிற் படம் எடுத்து எனக்கு அனுப்பி, இவை மெய்யாகவே அவ்வாண்டுக்குரியனவா என்று கேட்டிருந்தாள். கேள்வி சிறிது, ஆயினும் அதற்கு விடை காண நான் சில மாதங்கள் படிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு படித்தறிந்தவற்றையே உங்களுடன் பகிர்ந்துகொள்கின்றேன்.

முதலில் ஒரு சிறு குறிப்பு. நாம் நாள்தோறும் வழங்கும் "சப்பாத்து" என்னும் சொல் தமிழ்ச் சொல்லன்று. போர்த்துக்கேயர் நம் கரையில் விட்டுச்சென்ற "சப்பாத்தோ" என்பதன் திரிபு. நாம் கால் நுழைக்கும் பொருளின் பெயரிலேயே ஒரு காலப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கின்றது. சொல்லுக்கு உரியது பொருளுக்கும் உரியதே. ஒரு சப்பாத்தின் தையலிலும் குதியிலும் நாடாத்துளையிலும் அது பிறந்த காலம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வயது காண்போர் கைக்கொள்ளும் முதல் விதி மிக எளியது. ஒரு பொருளில் உள்ள உறுப்புகளுள் எது ஆகப் பிந்திய கண்டுபிடிப்போ, அதற்கு முன்னர் அப்பொருள் முழுமை பெற்றிருக்க முடியாது. மின்விளக்குப் பொருத்திய ஒரு வீட்டைப் பார்த்து, இஃது இன்றுள்ளவாறே ஒல்லாந்தர் காலத்தில் இருந்தது என்று எவரும் கூறார். வீடு பழையதாயிருத்தல் கூடும், விளக்குப் பிந்தியது. சப்பாத்துக்கும் இவ்விதியே பொருந்தும். ஆகவே உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

1830களில் இங்கிலாந்தை ஆண்டவர் நான்காம் வில்லியம் மன்னர். அவருடைய அரசியார் அடலெய்டின் பெயரால் அக்காலத்துப் பெண்களின் பூட்ஸ் வழங்கப்பட்டது. அதன் மேற்பகுதி பெரும்பாலும் துணியாலானது. நுனியிலும் குதிப்புறத்திலும் மட்டும் மெல்லிய தோல் வைத்துத் தைத்திருப்பர். நாடா கட்டும் இடம் முன்புறத்தில் அன்று, காலின் உட்பக்கத்தில் இருக்கும். விரல் நுனி சதுரமாக வெட்டியது போலத் தோன்றும். உயர்ந்த குதி கிடையாது. எல்லாவற்றிலும் வியப்புக்குரியது, வலக்கால் இடக்கால் என்ற வேறுபாடு இன்றி இரண்டும் ஒரே நேரான அச்சுக்கட்டையில் அமைக்கப்பட்டமை. பெண்களின் பாதணிகளில் இவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் அதற்குப் பின்னரும் நீடித்தது. வேடிக்கை யாதெனில், பாரிசில் அமைந்த பாதணிகள் சிலவற்றின் உள்ளே "வலது" "இடது" என்று பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருக்கும். எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வடிவின. இரண்டு நாள் அணிந்தால் அந்தந்தக் காலின் வடிவைத் தோல் தானே ஏற்றுக்கொள்ளும் என்பது அக்காலத்தார் கணக்கு.

அடுத்து நாடாத்துளையைக் காண்போம். பழைய பூட்ஸில் இத்துளைகளின் விளிம்பை நூலாற் சுற்றித் தைத்திருப்பர். உலோக வளையம் பதித்த துளைக்கு இங்கிலாந்தில் 1823ஆம் ஆண்டிலேயே உரிமம் பெறப்பட்டது. ஆயினும் பெண்களின் பூட்ஸில் அது பரவலாக வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. இங்கே நாம் கற்கும் இரண்டாவது பாடம், கண்டுபிடித்த ஆண்டும் வழக்கில் வந்த ஆண்டும் ஒன்றல்ல என்பது. உரிமப் பத்திரத்தில் உள்ள ஆண்டை அப்படியே சப்பாத்தின் பிறந்த ஆண்டாகக் கொள்பவர் ஏமாறுவர்.

மூன்றாவது உறுப்பு றப்பர் இழை. இலண்டனில் சப்பாத்துத் தொழில் நடத்திய ஸ்பாக்ஸ் ஹோல் என்பவர், பக்கங்களில் இழுபடும் துணி வைத்த பூட்ஸ் ஒன்றை 1837ஆம் ஆண்டளவில் விக்டோரியா மகாராணியாருக்கு அமைத்து அளித்து, 1840இல் அதற்கு உரிமமும் பெற்றார். ஆனால் அக்காலத்து றப்பர் வெப்பத்தில் ஒட்டியது, குளிரில் விறைத்தது. 1840களில் அமெரிக்காவில் சாள்ஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தோமஸ் ஹன்கொக்கும் கந்தகஞ் சேர்த்து றப்பரை வலுப்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்ற பின்னரே இழுபடும் பூட்ஸ் நிலைபெற்றது. அந்நாளைய றப்பர் பிரேசில் நாட்டுக் காட்டுமரங்களிலிருந்து வடித்தது. றப்பர் நாற்றுகள் நம் நாட்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது 1876இல்தான் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். இன்று கிடைக்கும் அத்தகைய பூட்ஸில் அவ்விழை பெரும்பாலும் உயிரற்று உலர்ந்து வெடித்திருக்கும்.

1850களில் முன்புறத்தில் நாடா கட்டும் பூட்ஸ் பெண்களிடையே பெருமை பெற்றது. ஸ்கொத்லாந்தில் அரச குடும்பம் உறைந்த பல்மோறல் மாளிகையின் பெயரை அது தாங்கிற்று. அக்காலத்திலேயே குதியும் மீண்டும் உயரத் தொடங்கிற்று. 1856இல் வில்லியம் பேர்க்கின் என்னும் இளைஞர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். அதன்பின் வந்த பூட்ஸ் துணிகளும் பட்டுகளும் முன்னர்க் காணாத பளபளப்பான நிறங்களிற் பொலிந்தன. நாம் "தெறி" என்று பேச்சில் வழங்கும் பொத்தான் வைத்த பூட்ஸும் நூற்றாண்டின் பின்பாதியிற் பெருகிற்று. பொத்தான்கள் காலின் வெளிப்பக்கத்தில் வரிசையாக அமையும். அவற்றைப் பூட்டுதற்கென்றே சிறு கொக்கி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது.

இனி, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத தையலைப் பார்ப்போம். வயதுகாண்பதில் இதனினும் நம்பத்தக்க சான்று அரிது. எலியாஸ் ஹௌ என்பார் 1846இல் தையற்பொறிக்கு அமெரிக்க உரிமம் பெற்றார். 1850களில் அப்பொறி சப்பாத்தின் மேல்தோலைத் தைக்கப் பயன்படலாயிற்று. 1858இல் லைமன் பிளேக் என்பார் அடித்தோலை மேல்தோலுடன் சேர்த்துத் தைக்கும் பொறிக்கு உரிமம் பெற, கோர்டன் மக்கே என்பார் அதனை வாங்கித் திருத்திப் பரப்பினார். இப்பொறியின் தையல் உள்ளடித் தோலை ஊடுருவிச் செல்வது. ஆதலின், பூட்ஸின் உள்ளே விரலை விட்டுத் தடவினால், அடியின் ஓரத்தைச் சுற்றி ஓடும் தையல் வரிசை தட்டுப்படும். அவ்வரிசை தட்டுப்பட்டால் அந்தப் பூட்ஸ் 1858க்கு முந்தியதன்று.

மேல்தோலை அச்சுக்கட்டையில் இழுத்துப் பொருத்தும் வேலை மட்டும் நெடுங்காலம் மனிதக் கைக்கே உரியதாயிருந்தது. தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டிற் பிறந்து, அமெரிக்காவின் லின் நகரிற் சப்பாத்துத் தொழிலாளியாக உழைத்த யான் மாற்செலிகர் என்னும் கறுப்பின இளைஞர் 1883இல் அதற்கும் ஒரு பொறியை அமைத்து உரிமம் பெற்றார். 1889இல், முப்பத்தேழு வயது நிரம்புமுன், அவர் மறைந்தார். உலகெங்கும் சப்பாத்தின் விலை குறைந்து ஏழையர் காலுக்கும் எட்டியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த லின் நகரைப் பற்றி மேலும் ஒன்று சொல்லுதல் வேண்டும். அங்குப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் வீட்டிலிருந்தே மேல்தோல்களைத் தைத்துக் கொடுத்துக் கூலி பெற்று வந்தனர். தையற்பொறி வந்ததும் வேலை வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு நகர்ந்தது. வீட்டிலிருந்து தைத்தோர் கூலி தளர்ந்தது. 1860 பெப்ரவரி 22ஆம் நாள் லின் சப்பாத்துத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கினர். மார்ச் மாதம் 7ஆம் நாள் பெண்கள் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து, பனி கொட்டிய தெருக்களில் நடந்தனர். ஆகவே ஒரு பூட்ஸில் கைத்தையலா பொறித்தையலா என்று பார்க்கும்போது, ஆண்டு ஒன்றை மட்டும் நாம் பார்ப்பதில்லை. வருவாய் இழந்த ஒரு தாயையும், ஆலைக்குப் புறப்பட்ட ஒரு மகளையும் சேர்த்தே பார்க்கின்றோம்.

நான்காவது சான்று தோல். பழங்காலந்தொட்டு மரப்பட்டைச் சாறே தோலைப் பதனிட உதவிற்று. குரோமிய உப்பினாற் பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் உரிமம் வழங்கப்பட்டது. 1890களில் அது மென்தோலிற் பெருவழக்காயிற்று. அத்தகைய தோலின் வெட்டுவாயில் பெரும்பாலும் நீலஞ்சார்ந்த சாம்பல் நிறம் தெரியும். கடைசியாக, வடிவம். விரல் நுனி 1830கள் முதற் சில பத்தாண்டுகள் சதுரமாயிருந்து, பின்னர் வட்டமாகி, 1890களின் பின்பாதியில் ஊசிபோற் கூர்மை பெற்றது. 1910க்குப் பின்னர்ப் பாவாடை உயர உயர பூட்ஸும் உயர்ந்தது. 1918இல், முதலாம் உலகப் போரின்போது, அமெரிக்க அரசு தோலைச் சேமிக்கும் நோக்கோடு பூட்ஸின் உயரத்துக்கும் நிறத்துக்கும் வரம்பு விதித்தது. 1920களில் பெண்கள் தாழ்ந்த சப்பாத்துக்கு மாறினர். ஏறத்தாழ நூறாண்டு நிலவிய வழக்கம் முடிந்தது.

இச்சான்றுகளைக் கையிற் கொண்டு மாணவியின் படங்களுக்குத் திரும்புவோம். கருநிற மென்தோல்; வெளிப்பக்கத்தில் பதினொரு பொத்தான்கள்; வலம் இடம் தெளிவாக வேறுபட்டவை; விரல் நுனி கூர்மை. உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்குமாறு எழுதினேன்; தையல் வரிசை தட்டுப்படுகிறது என்று பதில் வந்தது. பொத்தான் துளை ஒன்று கிழிந்த இடத்தில் தோலின் வெட்டுவாய் நீலச்சாம்பலாக இருந்தது. குதியின் அடியில் றப்பர்த் துண்டு ஒன்றும் இருந்தது. றப்பர்க் குதிக்கு 1899இல்தான் அமெரிக்காவில் உரிமம் பெறப்பட்டது. ஆயினும் அது பின்னர்ப் பழுதுபார்த்தபோது வைத்ததாயும் இருக்கலாமாதலின் அதனை நான் கணக்கில் எடுக்கவில்லை. எஞ்சியவை யாவும் ஒரே திசையைக் காட்டின. அந்தப் பூட்ஸ் 1895க்கும் 1905க்கும் இடைப்பட்டது. 1847இல் கப்பலிலிருந்து இறங்கிய காலில் அது இருந்திருக்க முடியாது.

விடை கிடைத்தது. ஆனால் மாணவியின் அடுத்த கடிதம் எனக்கு மேலும் கடினமான வினா ஒன்றைக் கொண்டுவந்தது. "இதனை அவருக்கு எவ்வாறு சொல்வேன்? அந்தக் கதை ஒன்றே அவருக்கு மிஞ்சியிருக்கும் உறவு" என்று எழுதியிருந்தாள். வெள்ளப் பெருக்கிலும் போரிலும் பெட்டகம் இழந்து, வீடிழந்து, பாட்டியின் ஒரு பொருளேனும் கையில் இல்லாது பெயர்ந்து வாழும் குடும்பத்துப் பெண் அவள். பிறர் வீட்டுக் கதையைக் கலைக்க அவளுக்குக் கை கூசியதில் வியப்பில்லை.

நான் சிந்தித்தேன். 1847ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடும் பஞ்சம் நிலவிய காலம். அவ்வாண்டு ரொறொன்ரோவின் துறையில் வந்திறங்கிய அயர்லாந்து மக்கள் ஏறத்தாழ 38,000 பேர். நகரின் அன்றைய குடித்தொகையோ 20,000 அளவினதே. காய்ச்சல் கண்டு அந்நகரில் இறந்தவர் 1,100க்கும் மேற்பட்டோர். அவர்களுட் பலர் நல்ல பூட்ஸ் அணிந்து வந்திரார். கால்வெறுமையாக வந்தோரும் இருந்திருப்பர். வந்தவள் எதனை அணிந்து வந்தாளோ, அதனைத் தேயும் வரை அணிந்து, தைத்து, மறுபடியும் அணிந்து, முடிவில் எறிந்திருப்பாள். ஏழையின் சப்பாத்து எஞ்சுவதில்லை. அரும்பொருட்சாலைகளில் மணப்பெண்ணின் வெண்பட்டுப் பூட்ஸ் நிறைந்திருப்பதும், பாற்காரியின் பூட்ஸ் அருகியிருப்பதும் இதனாலேயே. அக்காலப் பெண்களின் பாதம் மிகச் சிறியது என்று பலர் முடிவு கட்டுவதும் இவ்வாறு வந்த மயக்கமே. பிறருக்குப் பொருந்தாத சிறிய அளவுகளே அணிவாரின்றி எஞ்சின.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இங்கிலாந்திலும் பிறநாடுகளிலும் பழைய வீடுகளின் புகைபோக்கியிலும் சுவரிடுக்கிலும் யாரோ ஒளித்து வைத்த சப்பாத்துகள் வெளிப்படுவதுண்டு. இங்கிலாந்தின் நோதாம்ரன் நகர அரும்பொருட்சாலையிற் பணிபுரிந்த யூன் சுவான் அம்மையார் இவற்றைப் பதிவு செய்யத் தொடங்கினார். அவற்றுட் பல தேய்ந்து நைந்து பழுதுபார்க்கப்பட்டவை, குழந்தைகளுடையனவும் பல. உழைத்த கால்களின் உருவம் அவற்றிலேதான் நமக்குக் கிடைக்கின்றது.

இவற்றையெல்லாம் எண்ணி மாணவிக்கு இவ்வாறு எழுதினேன். "இரண்டு அட்டைகள் எடு. ஒன்றில் அந்தப் பூட்ஸ் என்ன சொல்கின்றதோ அதனை எழுது: தையல், தோல், வடிவம், கணித்த காலம். மற்றதில் அம்மூதாட்டி என்ன சொல்கின்றாரோ அதனை அவர் சொற்களிலேயே எழுது. சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் குறி. ஒன்றை மற்றதால் திருத்தாதே. பின்னர் அவரிடம், அவருடைய பாட்டியைப் பற்றிக் கேள்."

அவள் அவ்வாறே கேட்டாள். 1847இல் வந்தவரின் மகள், அதாவது மூதாட்டியின் பாட்டி, 1900ஆம் ஆண்டளவில் முப்பது வயதினராய், நகரின் ஒரு கடையில் வேலைபார்த்தவர் என்பது தெரியவந்தது. பஞ்சத்துக்குத் தப்பி வந்தவளின் மகள், தன் உழைப்பில் வாங்கிய பூட்ஸாக அது இருத்தல் கூடும் என்று மாணவி கூறியபோது, மூதாட்டி நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு, "அப்படியானால் அவள் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கின்றாள்" என்றாராம். இந்தப் பூட்ஸ் அந்தப் பாட்டியுடையதே என்று நானும் உறுதி கூறேன். காலம் பொருந்துகின்றது என்பதே நான் சொல்லத்தக்கது.

இத்தகைய பொருள்களைச் சேர்க்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். கடைக்காரர் "விக்டோரியா காலத்தது" என்று சொல்லும் பூட்ஸுட் பல, 1901இல் மகாராணியார் மறைந்த பின்னர் உருவானவை. 1960களில் அவ்வடிவத்தைப் பின்பற்றிப் புதியனவும் செய்தனர். ஆதலின் ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு மயங்காது, எல்லா உறுப்புகளும் ஒத்து உரைக்கின்றனவா என்று பாருங்கள். ஒற்றை ஆண்டு சொல்லாது, பத்தாண்டு எல்லை சொல்லுங்கள். பழைய பூட்ஸை ஒருபோதும் அணிந்து பார்க்கலாகாது, மெருகு பூசலாகாது. அமிலமற்ற மென்தாளைச் சுருட்டி உள்ளே வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்திற் பேணுக. நம் தெருக்களில் அனைவரும் அறிந்த பாட்டா நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த சோனியா பாட்டா அம்மையார் பல்லாண்டு சேர்த்த பாதணிகளைக் கொண்டு, அதே ரொறொன்ரோ நகரில் 1995இல் ஓர் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. அங்குச் செல்ல வாய்ப்புடையோர் கண்டு பயன்பெறலாம்.

வாய்ப்பில்லாதோர் வருந்த வேண்டுவதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் பழம்பெட்டியிலும் இருக்கும் பாக்குவெட்டி ஒன்றை, குத்துவிளக்கு ஒன்றை, பாட்டியின் கூறைச்சேலைத் துண்டு ஒன்றை இன்று மாலை எடுத்துப் பாருங்கள். இரண்டு அட்டைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் சொல்வதை ஒன்றிலும், வீட்டில் மூத்தவர் சொல்வதை மற்றதிலும் எழுதி வையுங்கள். இரண்டாவது அட்டையைப் பிற்போடாதீர்கள். பொருள் காத்திருக்கும்; மூத்தவர்கள் நெடுங்காலம் காத்திரார்.